கண்மாய்க் கரையில் குடியிருக்கிறோம்

(வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்ப் பாசன விவசாயிகள் மத்தியில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக் செட்டுக்காரத் தம்பி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறோம்.

2025-ஆம் வருஷம் ஜூன் மாசம் நம்ம வட்டாரத்துக்கு ஒரு யோகம் அடிச்சது. கூமாபட்டின்னு ஒரு ஊர் இருக்குன்னு தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ப் பையன் செல்போன்ல படம் பிடிச்சு இன்ஸ்டாகிராம்ல போட்டதுதான். மலை, அணை, தென்னந்தோப்பு, தண்ணி. நாம தினமும் ஆடு பத்திக்கிட்டுப் போகையில பார்க்கிற அதே காட்சி. அதைப் பார்த்துட்டு காரும் வேனும் பைக்குமா சனம் வந்து இறங்கிருச்சு. அணையில் குளிக்க அனுமதி இல்லைன்னு அதிகாரிகள் அறிவிப்பு விடுற அளவுக்குப் போச்சு.

வந்தவங்களை நாம குறை சொல்லப் போறதில்லை. வீட்டைத் தேடி வந்த விருந்தாளிக்குத் தண்ணி கொடுக்கிற ஊர் இது. ஆனா அப்போ வந்த ஒரு அம்மா, கண்மாய்க் கரையில் நின்னுக்கிட்டு நம்ம ஆட்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. "இவ்வளவு தண்ணிய முன்னாடி வச்சுக்கிட்டு உங்களுக்கு என்னங்க கவலை?" அந்த அம்மா கபடம் இல்லாமத்தான் கேட்டாங்க. நமக்குத்தான் சட்டுனு பதில் சொல்ல வரலை. இதே கேள்வியை, மனு கொடுக்கப் போன ஒரு அலுவலகத்திலும் வேற வார்த்தையில் கேட்டாங்க. "மலையடிவாரத்துக்காரங்க நீங்களே இப்படி வந்து நின்னா, வானம் பார்த்த பூமிக்காரன் எங்க போவான்?" அன்னிக்கு வாயடைச்சுத் திரும்பி வந்தோம். இன்னிக்கு உங்க முன்னாடி நின்னு கணக்குப் பார்க்கப் போறோம்.

முதல் கணக்கு, அணைக் கணக்கு. பிளவக்கல்லில் இருக்கிறது இரண்டு அணை. பெரியாறு அணை 47 அடி, கோவிலாறு அணை 42 அடி. (இந்தப் பெரியாறு வேற, முல்லைப் பெரியாறு வேற. வெளியூர்ப் பத்திரிகைக்காரங்க அடிக்கடி குழப்பிக்கிறாங்க.) இரண்டும் ததும்பத் ததும்ப நிறைஞ்சாலும் சுமார் 325 மில்லியன் கன அடிதான். பேருக்குப் பெருசாத் தெரியும். இதை ஏக்கருக்குக் கொண்டு வந்து பாருங்க. ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரம் தண்ணி நிறுத்தினா 43,560 கன அடி. நாத்தங்காலில் இருந்து அறுப்பு வரைக்கும் ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் நாலு அடித் தண்ணி வேணும். அப்படின்னா இரண்டு அணையும் ஒரு தடவை நிறைஞ்ச தண்ணி எத்தனை ஏக்கரைக் கரை சேர்க்கும்? 1,900 ஏக்கருக்குக்கூடக் காணாது! ஆனா இந்த அணைகளை நம்பி இருக்கிற 40 கண்மாய்களும் நேரடிப் பாசனமும் சேர்ந்து எட்டாயிரம் ஏக்கருக்கு மேல.

அப்போ மீதி நிலம் இத்தனை காலமா எப்படி விளைஞ்சது? கண்மாயாலதான். மழை ஒரே நாள்ல பெய்யறதில்லை. ஐப்பசியில் ஒரு தடவை பெருகும், பாய்ச்சுவோம். கார்த்திகையில் மறுபடி பெருகும். மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சு மறுகால் போனா, கீழ இருக்கிற கண்மாய்க்கு வரத்து. மேல் வயலில் கசியற தண்ணி கீழ் ஓடைக்கு வந்து அதுவும் ஒரு கண்மாயில் சேரும். ஒரே மழைத்தண்ணியை நாலு இடத்தில் நிறுத்தி, நாலு ஊர் சாப்பிடற மாதிரி அமைச்சு வச்சுட்டுப் போயிருக்காங்க நம்ம முன்னோர். அணை வந்தது 1970-களில். கண்மாய்கள் அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடி இருந்தே இருக்கு.

இன்னொண்ணையும் வெளியூர்க்காரங்க தெரிஞ்சுக்கணும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆனி ஆடியில் கொட்டுற மழை நமக்குக் கிடையாது. நாம மலையோட மழை மறைவுப் பக்கம் இருக்கோம். ஆடியில் குளிர்ந்த காத்தும் சாரலும் வரும், கண்மாயில் கட்டாந்தரைதான் தெரியும். நமக்கு வாழ்வு ஐப்பசி, கார்த்திகையில். அந்த ரெண்டு மாசம் பொய்ச்சா வருஷம் பொய்ச்ச மாதிரி. அதனால வர்ற தண்ணியை நிறுத்த இடம் இருக்கணும்.

அந்த இடம் இருக்கா? இதுதான் இரண்டாவது கணக்கு, கரம்பைக் கணக்கு. ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்பு 100 ஏக்கர்னு வச்சுக்குங்க. மலையில் இருந்து வர்ற வெள்ளம் வண்டலைச் சுமந்துக்கிட்டுத்தான் வரும். அந்த 100 ஏக்கரில் சராசரியா ஓர் அடி கரம்பை படிஞ்சுபோச்சுன்னா, 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடித் தண்ணி நிக்க வேண்டிய இடத்தில் மண்ணு நிக்குது. ஏக்கருக்கு நாலு அடின்னு வகுத்துப் பாருங்க, 25 ஏக்கர் நெல்லுக்கு உண்டான தண்ணி போச்சு. ஓர் அடிக்கே இந்தக் கணக்கு. நம்ம கண்மாய்கள்ல ஓர் அடிதான் படிஞ்சிருக்குன்னு இங்க யாராவது சொல்ல முடியுமா? மடையோட அடிப்பலகையே தெரியாத கண்மாய் இருக்கு. கடைமடையில் முக்கால் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வச்சிருக்கிறவன்தான் அந்த 25 ஏக்கர். மேல்மடைக்காரருக்கு எப்பவும் ஏதோ கிடைச்சிரும். முதல்ல காயறது சின்ன விவசாயி வயல்.

கரையில் நின்னு பார்க்கிறவங்களுக்கு இது தெரியாது. தண்ணி மேல பரந்து கிடக்கும், நாரை நிக்கும், மலை நிழல் விழும். நாலு அடி ஆழமா, பத்து அடி ஆழமான்னு மேல இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? தை பிறக்கும்போதுதான் தெரியும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மடையில் தண்ணி ஏறாது. டீசல் என்ஜினை வாடகைக்குப் பிடிச்சு, கண்மாய்க்குள்ள பள்ளத்தில் தேங்கினதை இறைச்சு வயலுக்கு விடுறோம். கண்மாய்ப் பாசனக்காரன் கண்மாய்த் தண்ணிக்கே டீசல் போட்டு இறைக்கிறான்னா இதை எங்க போய்ச் சொல்ல?

கரம்பையை நாமளே அள்ளிக்கலாம், வயலுக்கு அது உரம். மாட்டு வண்டி இருந்த காலத்தில் கோடை வந்தா அதுதான் வேலை. கண்மாய்க்கும் ஆழம், வயலுக்கும் சத்து. 2017-ல் விவசாயிகள் கட்டணம் இல்லாமல் வண்டல் எடுத்துக்கலாம்னு அரசாங்கம் அனுமதிச்சது. 2024-ல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம்னு இன்னும் எளிமையாக்கினாங்க. நல்ல உத்தரவு, வரவேற்கிறோம். ஆனா நடைமுறையில் என்ன ஆகுது? பட்டா நகல், அடங்கல், வரைபடம்னு அலையறதுக்குள்ள கோடை முடிஞ்சுபோகுது. ஒன்றரை ஏக்கர்க்காரனுக்கு டிராக்டர் வாடகை கட்டுப்படி ஆகாது. குத்தகைக்கு உழுகிறவன் பேரில் பட்டாவே இல்லை, அவனுக்கு அனுமதியும் இல்லை. வசதி உள்ளவன் விவசாயி பேரில் சீட்டு வாங்கி, மண்ணை வேற எங்கேயோ கொண்டுபோறான். அவன் அள்ளுறது கரம்பையும் இல்லை. கரம்பைக்குக் கீழ இருக்கிற நல்ல மண்ணை, கரையை ஒட்டி, தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் கிணறு மாதிரித் தோண்டிட்டுப் போறான். அந்தக் குழியில் தேங்கற தண்ணி மடைக்கு ஏறாது. ஆடு மாடும் பிள்ளைகளும் விழுந்து சாகத்தான் அது உதவும்.

ஒரு காலத்தில் குடிமராமத்துன்னு இருந்துச்சு. ஊர் கூடி வாய்க்கால் வெட்டும். வராதவங்க மேல நடவடிக்கை எடுக்க வெள்ளைக்காரன் 1858-ல் ஒரு சட்டமே போட்டான். அந்தக் காலத்தை ஆகா ஓகோன்னு புகழ நமக்கு மனசில்லை. அன்னிக்கு மண்வெட்டி பிடிச்சவன் பெரும்பாலும் நிலம் இல்லாதவன், பாய்ச்சிக்கிட்டவன் நிலம் வச்சிருந்தவன். அந்த அநியாயம் திரும்ப வேண்டாம். ஆனா வேலை நடந்துச்சு, வாய்க்கால் சுத்தமா இருந்துச்சு. 2017-ல் குடிமராமத்துங்கிற அதே பேரில் அரசு திட்டம் வந்தப்போ விவசாயிகள் பங்களிப்போடுதான் வேலைன்னு சொன்னாங்க. பங்களிப்பு எந்த அளவுக்கு இருந்துச்சுன்னு இங்க உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சங்கத்து லெட்டர்பேடு ஒருத்தர் கையில், வேலை இன்னொருத்தர் கையில், கையெழுத்து மட்டும் நம்ம கையில்.

நீர்ப்பாய்ச்சி விஷயத்தை இந்த இடத்தில் சொல்லியாகணும். ராத்திரி ரெண்டு மணிக்கு மழை வலுத்தா, கரையில் லைட்டு அடிச்சுக்கிட்டுப் போறது யாரு? எந்த மடையை எத்தனை சாண் திறக்கணும், யாருக்கு எப்போ முறைன்னு மனப்பாடமா வச்சிருக்கிறது யாரு? முன்னாடி களத்திலேயே அவருக்கு நெல் அளந்துட்டுத்தான் மூட்டை வீட்டுக்குப் போகும். இப்போ அறுவடை மிஷின் வந்து, நெல்லு களத்துக்கே வராம வயலில் இருந்து நேரா லாரிக்குப் போயிருது. நீர்ப்பாய்ச்சிக்கு அளக்க மறந்துட்டோம். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற நாம நம்மையும் கேட்டுக்கணும். ஏக்கருக்கு இவ்வளவுன்னு சங்கமே வசூல் பண்ணி, அறுப்பு முடிஞ்ச வாரத்துக்குள்ள கொடுக்கணும்னு செயற்குழுவில் பேசியிருக்கோம். இங்க கை தூக்கினவங்க களத்தில் கையைக் கட்டிக்கக் கூடாது!

அடுத்தது மீன்பாசி ஏலம். ஏலம் எடுத்தவர் மேல நமக்கு விரோதம் இல்லை, அவரும் வட்டிக்கு வாங்கிப் போட்டவர்தான். ஆனா மீன் பிடிக்கத் தண்ணி வத்தணும், நெல்லுக்குத் தண்ணி நிக்கணும். இந்த ரெண்டுக்கும் ஆகாது. ராத்திரியோட ராத்திரியா மடையைத் திறந்து விட்டதால, தண்ணி ஓடையில் போய் வீணானதை நாம கண்ணால பார்த்தோம். புகார் கொடுத்தோம். "யார் திறந்தான்னு பார்த்தீங்களா, சாட்சி இருக்கா"ன்னு கேட்டாங்க. ஏல ஒப்பந்தத்திலேயே கடைசிப் பாசனம் முடியிற வரைக்கும் மடைச் சாவி பாசன விவசாயிகள்கிட்ட இருக்கணும்னு ஒரு வரி எழுதினா இந்தச் சண்டையே கிடையாது.

ஆக்கிரமிப்பைப் பத்திச் சொல்லணும்னா இந்த ராத்திரி போதாது. சுருக்கமாச் சொல்றோம். ஏரி குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ஆம் வருஷமே தனிச் சட்டம் இருக்கு. அளக்கணும், எல்லைக்கல் நடணும், நோட்டீஸ் கொடுக்கணும், அகற்றணும். முதல் வேலையே அளக்கறதுதான். அதுவே நடக்கலைன்னா மீதி எப்படி நடக்கும்? கண்மாய் உள்வாயில் தென்னை வச்சவரும் இருக்காரு, வரத்துக் கால்வாயை ஒட்டி ஒரு சால், ரெண்டு சால்னு வருஷா வருஷம் சேர்த்து உழுதவரும் இருக்காரு. இதில் நம்ம சொந்தக்காரங்களும் உண்டு, சங்கத்தில் சந்தா கட்டினவங்களும் உண்டு. அளந்தா எல்லோருக்கும் ஒரே சங்கிலிதான். அதே நேரத்தில், ஓடைக்கரையில் ரெண்டு செண்டில் குடிசை போட்டவனை மட்டும் முதல்ல பிடுங்கிப் போட்டுட்டு, பத்து ஏக்கர் வளைச்சவனுக்கு வாய்தா கொடுக்கிற வேலையையும் ஒத்துக்க மாட்டோம். குடிசைக்காரனுக்கு மாற்று இடம் கொடுத்துட்டுத்தான் கை வைக்கணும்.

மலைப்பக்கம் வருவோம். மலையை ஒட்டி வாழறது எவ்வளவு பாக்கியம்னு வந்தவங்க சொன்னாங்க. பாக்கியந்தான், யார் இல்லைன்னா? அந்தக் காடு இல்லைன்னா இந்த ஓடை இல்லை. சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் வந்தப்பவும், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனப்பவும் நாம எதிர்ப்புக் கொடி பிடிக்கலை. காடு நல்லா இருந்தாத்தான் கண்மாய் நல்லா இருக்கும்கிறது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனா ராத்திரி பன்னிக்கூட்டம் வந்து தென்னங்கன்னைக் கிளறிட்டுப் போயிருச்சுன்னா, யானை வந்து அஞ்சு வருஷம் வளர்த்த கன்னோட குருத்தை உருவித் தின்னுட்டுப் போயிருச்சுன்னா, அந்த நஷ்டம் முழுக்க மலையடிவாரத்து ஏழை விவசாயி தலையில் விழணும்னு எந்த நியாயத்தில் இருக்கு? காடு நாட்டுக்கே பொதுச்சொத்து. காவல் செலவு மட்டும் நமக்குத் தனிச்சொத்தா?

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்துச்சு. காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுக்குள்ள விடணும். மூணு கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடலாம். கேட்க ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா நம்ம தோப்பு எங்க இருக்கு? வேலியைத் தாண்டினா காடு. நமக்குச் சட்டத்தில் கிடைச்சது அந்த முதல் கிலோமீட்டர்தான். அந்தக் கிலோமீட்டர்க்காரனுக்கு அரசு செலவில் சூரியமின் வேலி, அகழி, நஷ்டஈட்டை ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கிறதுன்னு தனி ஏற்பாடு வேணும். தென்னையில் காய்ப்பு குறைஞ்சு, வெள்ளை ஈ அடிச்சு, மரம் கறுத்து நிக்குது. 2025-ல் தேங்காய்க்கு என்னைக்கும் இல்லாத விலை வந்தப்போ நம்ம மரத்தில் காய் இல்லை. விலை இருந்தா காய் இல்லை, காய் இருந்தா விலை இல்லை. இதுல மிச்சக் கன்னையும் பன்னி தின்னா விவசாயி எதைத் தின்பான்?

சரி, சுற்றுலா. இதுதான் இப்போ புதுசா வந்திருக்கிற பேச்சு. அணைப் பூங்காவைச் சீர்படுத்தப் பணம் ஒதுக்குறாங்கன்னு 2025-ல் செய்தி வந்ததும் ஊரில் ரெண்டு கட்சி ஆயிப்போச்சு. இளவட்டங்களுக்கு ஆசை இருக்கு. டீக்கடை, இளநி கடை, ஆட்டோன்னு நாலு பேருக்குப் பிழைப்பு வரும்கிறாங்க. அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு வாய் வராது. நம்ம பிள்ளைகள் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போய் அல்லாடுறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம். பூங்கா வரட்டும். பிள்ளைகள் ஊஞ்சல் ஆடட்டும்.

ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். மலை ஓடையோட குணம் வந்தவங்களுக்குத் தெரியாது. இங்க வெயில் அடிக்கும், மேல மழை பெய்யும், அரை மணி நேரத்தில் வெள்ளம் வந்து நிக்கும். 2015 மே மாசம் தாணிப்பாறையில் சதுரகிரிக்கு வந்த பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் உயிர் விட்டதை நாம மறக்கலை. ரீல்ஸ் பார்த்து வர்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு காவலாளி, ஓர் எச்சரிக்கைச் சங்கு இல்லாம கூட்டத்தைக் கூப்பிடாதீங்க.

இன்னொண்ணு இதைவிடப் பெருசு. ரோட்டோர நஞ்சையைக் கேட்டு வெளியூர் ஆட்கள் வர ஆரம்பிச்சிருக்காங்க. கண்மாய் தெரியற மாதிரி இடம் வேணுமாம், பண்ணை வீடு கட்டவாம். தங்கச்சி கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவுன்னு நெருக்கடியில் இருக்கிறவன் விக்கத்தான் செய்வான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நடு ஆயக்கட்டில் ஒருத்தன் கல் ஊன்றிச் சுவர் எழுப்பினா, அவனுக்குக் கீழ இருக்கிற இருபது பேரோட வாய்க்கால் எங்க போகும்? வீடு கட்டினவன் சும்மா இருப்பானா? மறுகால் தண்ணி வாசலுக்கு வருது, கண்மாயைப் பாதி நிறைச்சாப் போதும்னு அவனே நாளைக்கு மனு கொடுப்பான். கண்மாய் அழகா இருக்குன்னு வந்தவன், கண்மாய் நிறையறதைத் தடுப்பான். வேற ஊர்கள்ல இது நடந்து முடிஞ்ச கதை.

அதனால நமது சங்கம் கேட்கிறது இதுதான். பூங்காவுக்கு ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி வரத்துக் கால்வாய்க்கும் மடைக்கும் செலவு பண்ணுங்க. 40 கண்மாயையும் அளந்து எல்லைக்கல் நடுங்க. கரம்பை அனுமதியைப் பங்குனி, சித்திரையில் கண்மாய்க் கரையிலேயே முகாம் போட்டுக் கொடுங்க, குத்தகை விவசாயிக்கும் கொடுங்க. மீன்பாசி ஏலத்தில் மடைச் சாவி நிபந்தனையைச் சேருங்க. ஆயக்கட்டு நஞ்சையை மனைப்பிரிவாக்க அனுமதி கொடுக்காதீங்க. மலையடிவாரத் தோப்புகளுக்கு வேலி போடுங்க.

நம்ம பக்கத்து வேலையும் இருக்கு. கண்மாய்க்கு ஆதாரம் வேணும். ஒவ்வொரு கண்மாய்க்கும் முழுக்கொள்ளளவு மட்டம் எவ்வளவு, மடை எத்தனை, மறுகால் எத்தனை அடி அகலம், ஆயக்கட்டு எவ்வளவுன்னு பழைய குறிப்பேடு அரசாங்கத்துகிட்ட இருக்கும். அந்தக் காலத்தில் அளந்து எழுதி வச்சது. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டா, 30 நாளில் பதில் சொல்லியாகணும். கண்மாய்க்கு ஒரு மனுன்னு பிரிச்சுக்குவோம். படிச்ச பிள்ளைகள் இருக்கீங்க, எழுதற வேலை உங்களோடது. ரீல்ஸ் எடுக்கத் தெரிஞ்ச பிள்ளைகள் அந்தச் செல்போனைக் கொஞ்சம் மடைப்பக்கமும் திருப்புங்க. இடிஞ்ச மடை, தூர்ந்த கால்வாய், சாஞ்ச மறுகால் சுவர் எல்லாத்தையும் தேதியோட படம் பிடிச்சுக் கொண்டு வாங்க.

வர்ற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு விருதுநகர் போறோம். ஊருக்குப் பத்துப் பேராவது வரணும், அதில் மூணு பேராவது பெண்களா இருக்கணும். நடவுக்கூலி, களையெடுப்புக் கூலி எல்லாம் தண்ணியைப் பொறுத்ததுதான், அவங்க வாயால் சொன்னாத்தான் எடுபடும். பட்டா நகல் இருக்கிறவங்க எடுத்துக்குங்க, இல்லாதவங்க ரேஷன் கார்டு நகலைக் கொண்டு வந்தாலும் போதும். வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் அவங்கவங்க கண்மாய்க் கரம்பையில் ஒரு கை அள்ளிப் போட்டுக் கொண்டு வாங்க, மனுவோட சேர்த்து மேசை மேல வைப்போம். காலையில் முதல் பஸ்ஸுக்கே ஏறிடணும். மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வந்துருங்க, கூட்டம் எந்நேரம் முடியும்னு சொல்ல முடியாது. நீர்ப்பாய்ச்சி அண்ணன்மார்கள் யாரும் வர வேண்டாம். அன்னிக்கு மேகம் கூடினா கரையில் ஆள் இருக்கணும்.